அணைக்குக் கீழே ஆற்றுக்கு இடம் விடுதல்

அத்தியாயம் 6: கந்தளாய்ப் பேராற்றை முன்வைத்து ஒரு திட்ட வழிகாட்டி

திருகோணமலைப் பாலையூற்றில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது. தம்பலகாமத்து வயல்களையும் அந்தக் குளமே வாழவைக்கிறது. கண்டி வீதியால் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போனால் அதன் அணையைக் காணலாம். நீளம் சுமார் 14,000 அடி, உயரம் 50 அடி, குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 13.5 கோடி கன மீற்றர். அதற்குக் கீழே பேராறு வயல்களுக்கு நடுவே ஓடித் தம்பலகாமக் குடாவில் விழுகிறது.

இந்த அத்தியாயம் கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கும், கிராம அனர்த்தக் குழுவில் இருப்பவருக்கும், ஊர் ஆற்றைச் சீர்செய்ய வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியருக்கும் இளைஞருக்கும் எழுதப்பட்டது. படிகளை ஒழுங்காகச் செய்து முடித்தால் உங்கள் கையில் நான்கு பொருள்கள் இருக்கும்: ஒரு ஆற்றுப் படம், ஒரு அளவுப் பதிவேடு, வேலைகளின் வரிசை, இரவிலும் இயங்கும் எச்சரிக்கைத் திட்டம். பொறியியலாளர் செய்யவேண்டியதை நீங்கள் செய்யப்போவதில்லை. அவர் மேசைக்கு எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதையே இங்கே பார்க்கிறோம்.

ஒரு விதியை முதலிலேயே எழுதி வையுங்கள்: முதலில் அகலம், பிறகு ஆழம். ஆறு பரந்து ஓட இடம் கிடைக்குமுன் அதைத் தோண்டாதீர்கள். இந்த அத்தியாயத்தில் வரும் பிழைகளில் பாதி இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் வருபவை.

## தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

1. அணை ஆற்றை ஒடுக்கிவிடும். வருடத்தில் பெரும்பாலான நாட்களில் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. ஆற்றில் மிஞ்சுவது வயல் கழிவுநீர்தான். படுகையில் நாணலும் பற்றையும் ஏறும். வரம்பு வருடத்துக்கு ஒரு முழம் ஆற்றுக்குள் நகரும். பத்து வருடத்தில் ஆற்றின் உண்மையான அகலம் ஊருக்கே மறந்துபோகும்.

2. அணை மணலைப் பிடித்து வைக்கும். குளத்தில் மணல் தங்கிவிட, தெளிந்த நீர் கீழே வரும். அது தான் இழந்த சுமையைப் படுகையிலும் கரையிலும் இருந்து அரித்து எடுக்கும். அதற்கு மேல் மணலும் அள்ளினால் கரை இரட்டை வேகத்தில் சரியும்.

3. பெரிய வெள்ளம் நிற்கவில்லை, இடைவெளிதான் கூடியிருக்கிறது. கந்தளாய்க் குளத்துக்குச் சொந்த நீரேந்து பரப்பிலிருந்து மட்டும் நீர் வருவதில்லை. அம்பன் கங்கையின் நீர் எலகெர, மின்னேரிய வழியாக வந்து சேர்கிறது. குளம் நிறைந்து வடகீழ்ப் பருவமழையும் அடித்தால் வான்கதவு திறந்தே ஆகவேண்டும். அந்த நாளில் ஆறு தன் பழைய அகலத்தைக் கேட்கும்.

## தேவையான பொருட்கள்

- 30 மீற்றர் அளவு நாடா, மீற்றர் அடையாளமிட்ட 4 மீற்றர்த் தடி
- மேசன்மார் பாவிக்கும் நீர்க்குழாய் மட்டம்
- நில அளவைத் திணைக்களத்தின் படம். செய்மதிப் படத்தின் அச்சுப் பிரதி
- மழையில் அழியாத பெயின்ற், தூரிகை
- நேரம் காட்டும் கமராவுள்ள தொலைபேசி
- உயிர்காப்பு அங்கி இரண்டு, 20 மீற்றர் கயிறு, முழங்கால் வரை ஏறும் இறப்பர்ச் சப்பாத்து
- அளவுகளை எழுத ஒரு தடித்த பதிவேடு. தாளில் எழுதினால் தொலைந்துவிடும்

## படி 1: குழுவை ஆற்றின் நீளத்துக்குக் கூட்டுங்கள்

ஆறு ஒன்று, நிர்வாகப் பிரிவு மூன்று: கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா. மேலே இருப்பவர் அடைப்பை எடுத்தால் கீழே இருப்பவர் வயலுக்குள் வெள்ளம் வரும். கீழே இருப்பவர் முகத்துவாரத்தை மூடினால் மேலே தேங்கும். ஆகவே ஒரு ஊருக்கென்று மட்டும் திட்டம் போடமுடியாது.

1. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளை அழையுங்கள்.
2. வட்டை விதானைமாரை விட்டுவிடாதீர்கள். எந்தக் கதவு எப்போது திறந்தது, எந்த வரம்பு எப்போது நகர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.
3. குடாவில் மீனும் இறாலும் பிடிப்பவர்கள், ஆற்றோரம் மாடு மேய்ப்பவர்கள், தோட்டம் செய்யும் பெண்கள் ஆகியோருக்கும் இடம் கொடுங்கள்.
4. அறிவித்தல், கூட்டக் குறிப்பு எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். ஒரு மொழியில் எழுதிய தீர்மானத்துக்கு மறுகரையில் மதிப்பில்லை.
5. கிராம அலுவலரையும் கமநல சேவை நிலைய உத்தியோகத்தரையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். முடிவெடுத்த பிறகு சொன்னால் அது முறைப்பாடாகவே காதில் விழும்.

குறிப்பு: முதல் கூட்டத்தில் “யார் ஆற்றைப் பிடித்தார்கள்” என்ற பேச்சை எடுக்கவேண்டாம். “வெள்ளம் உங்கள் வீட்டில் எதுவரை வந்தது” என்று கேளுங்கள். எல்லோருக்கும் பதில் இருக்கும் கேள்வி அது.

## படி 2: பழைய வெள்ளங்களைப் பதிவுசெய்யுங்கள்

பதிவேட்டில் மூன்று நிரல் போடுங்கள்: ஆண்டு, தண்ணீர் எட்டிய உயரம், எவ்வளவு நேரத்தில் வந்தது.

1986. ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் கந்தளாய் அணை உடைந்தது. 120க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1,600க்கு மேல் வீடுகளும் சுமார் 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. அணைமேல் மிகக் கனமான வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இதிலிருந்து திட்டத்துக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன: அது மாரிகாலம் அல்ல, அது பகல் நேரமும் அல்ல.

2011. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கு மாகாணம் முழுவதும் மழைவெள்ளம் வந்தது. அப்போது நடுத்தர வயதில் இருந்தவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

2025. நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மகாவலியைப் பெருக்கெடுக்க வைத்தது. மாவிலாற்றுப் பக்கத்தில் அணைக்கரை உடைந்து சேருவில, மூதூர்ப் பகுதி மக்கள் வெளியேற நேர்ந்தது. அது பேராற்றில் நடந்ததல்ல. ஆனாலும் அங்கே உறவினர் இருந்தால் எச்சரிக்கை எப்படி வந்தது, எப்படி வராமல் போனது என்று விசாரியுங்கள்.

செய்முறை:

1. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் குறைந்தது மூன்று வீடுகளில் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் உரத்துப் பேசுபவரின் நினைவே எல்லோருடைய நினைவும் ஆகிவிடும்.
2. சொன்ன உயரத்தைச் சுவரிலோ மரத்திலோ காட்டச் சொல்லி நிலத்திலிருந்து அளவெடுங்கள்.
3. மதகு, பாடசாலைச் சுவர், கோயில், பள்ளிவாசல் மதில் ஆகியவற்றில் உரியவர் அனுமதியோடு ஆண்டையும் கோட்டையும் பெயின்றால் எழுதுங்கள்.
4. அணை உடைந்த வெள்ளத்தையும் மழைவெள்ளத்தையும் ஒரே நிறத்தில் குறிக்காதீர்கள். மழைவெள்ளத்தை நில ஒழுங்கால் சமாளிக்கலாம். அணை உடைந்த வெள்ளத்துக்கு எச்சரிக்கையும் ஓடும் வழியும் மட்டுமே மருந்து.

## படி 3: ஆற்றை நடந்து பாருங்கள்

மார்ச், ஏப்ரல் இதற்குப் பொருத்தமான காலம். தண்ணீர் இறங்கியிருக்கும், வெள்ளத்தின் தடம் மறைந்திருக்காது. அணைக்கட்டின் அடியிலிருந்து குடாவரை ஒரே திசையில் நடக்கவேண்டும். துண்டு துண்டாகப் பார்த்தால் அடைப்பு ஒன்றின் விளைவு எங்கே தெரிகிறது என்று பிடிபடாது.

ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்து, எண் கொடுத்துப் பதியுங்கள்:

- கரை சரிந்த இடம், படுகை தாழ்ந்த இடம், மணல் திட்டு
- ஆற்றுக்குக் குறுக்கே போட்ட மண் வரம்பு, மீன் அடைப்பு, விழுந்த மரம்
- ஆற்றுவாழையும் சல்வீனியாவும் அடைத்த பகுதி
- மதகும் பாலமும்: எத்தனை கண், ஒவ்வொன்றின் அகலம், எவ்வளவு மூடியிருக்கிறது
- ஆற்றைவிட்டுப் பிரிந்த பழைய வளைவு, தாழ்ந்த வில்லு
- உவர் நீர் கடைசியாக ஏறும் எல்லை. கண்டல் எங்கே தொடங்குகிறது

### நடக்கும்போது பாதுகாப்பு

1. வான்கதவு. போகும் நாளுக்கு முன்னரும் அன்று காலையும் நீர்ப்பாசனத் திணைக்களப் பிரதேச அலுவலகத்தில் கேட்டுவிட்டே இறங்குங்கள். வானம் வெளித்திருந்தாலும் தண்ணீர் வரலாம்.
2. முதலை. குளத்தடியிலும் ஆழ்மடுவிலும் முகத்துவாரத்திலும் இருக்கும். விடியற்காலையிலும் மாலையிலும் தண்ணீரோரம் நிற்காதீர்கள். நாயைக் கூட்டிப்போக வேண்டாம்.
3. யானை. கந்தளாய்ப் பக்கத்தில் காலை 8 மணிக்குமுன் பற்றைக்குள் நுழையாதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போகட்டும்.
4. வெடிபொருள். போர் நடந்த மாவட்டம் இது. அரித்த கரையில் உலோகப் பொருள் எதைக் கண்டாலும் தொடாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள்.
5. எலிக்காய்ச்சல். சேற்றில் வேலை செய்யுமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காலில் புண் இருந்தால் அன்று இறங்கவேண்டாம். இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் “வயலில், ஆற்றில் இறங்கினேன்” என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.
6. தனியாகப் போகாதீர்கள். குறைந்தது நால்வர். ஒருவர் கரையில் கயிறோடு நிற்கவேண்டும். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990.

## படி 4: அளந்து பாருங்கள்

இரண்டு அளவுகள் போதும்: ஆறு இப்போது எவ்வளவு கொண்டுபோகிறது, கரை நிறைய எவ்வளவு கொள்ளும்.

இப்போதைய ஓட்டம்

1. நேராக ஓடும் 20 மீற்றர்த் துண்டைத் தெரிந்து, இரு முனையிலும் கயிறு கட்டுங்கள்.
2. பாலம் இருந்தால் பாலத்தின் மேலிருந்தே ஆழத்தை அளவெடுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்கக்கூடாது.
3. ஆற்றின் அகலத்தில் ஐந்து இடங்களில் ஆழம் எடுத்துச் சராசரி காணுங்கள்.
4. பாதி நீர் நிரப்பிய போத்தலொன்றை மிதக்கவிட்டு, 20 மீற்றரைக் கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். நடுவில், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று முறை.
5. மேற்பரப்பு நீர் வேகமாக ஓடும். ஆகவே கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்குங்கள்.

மாதிரிக் கணக்கு: அகலம் 12 மீற்றர், சராசரி ஆழம் 0.8 மீற்றர் என்றால் குறுக்குப் பரப்பு 9.6 சதுர மீற்றர். போத்தல் 25 செக்கனில் 20 மீற்றர் போனால் வேகம் செக்கனுக்கு 0.8 மீற்றர். 0.85ஆல் பெருக்க 0.68. ஓட்டம் செக்கனுக்கு ஏறத்தாழ 6.5 கன மீற்றர். பொறியியலாளர் கன அடியில் கேட்பார், 35.3ஆல் பெருக்குங்கள். 230 கன அடி.

கரை நிறைந்த கொள்ளளவு

அதே இடத்தில் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டால் சராசரி ஆழம் எவ்வளவு என்று தடியாலும் நீர்க்குழாய் மட்டத்தாலும் காணுங்கள். அது 1.8 மீற்றர் என்று வையுங்கள். 12ஐ 1.8ஆல் பெருக்க 21.6 சதுர மீற்றர். வேகம் செக்கனுக்கு 1 மீற்றர் என்று எடுத்தால் ஏறத்தாழ 760 கன அடி.

இப்போது அலுவலகத்தில் கேட்கவேண்டிய கேள்வி: “கடந்த வருடங்களில் வான்கதவால் விட்ட அதிகூடிய நீர் எவ்வளவு?” உங்கள் இலக்கத்தைவிட அது மூன்று மடங்காக இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு ஆற்றுக்கு வெளியேதான் ஓடப்போகிறது. எங்கே ஓடவேண்டும் என்பதை நீங்கள் முடிவுசெய்யாவிட்டால் வெள்ளம் முடிவுசெய்யும்.

குறிப்பு: மிகக் குறுகிய இடத்தின் அளவே முழு ஆற்றின் அளவு. கரை அகன்ற இடத்தில் மட்டும் அளந்து “ஆறு தாங்கும்” என்று எழுதவேண்டாம்.

## படி 5: நிலத்தை மூன்று நிறமாகப் பிரியுங்கள்

படத்தின் மேல் ஒளிபுகும் தாளை வைத்து வரையுங்கள்.

சிவப்பு: ஓடும் பாதை. தண்ணீர் விசையோடு போகும் இடம். புதிய வீடு, மண் நிரப்பல், மதில், குறுக்கு வரம்பு எதுவும் கூடாது. இருக்கும் வீட்டுக்கு மாற்றிடம் பற்றிப் பிரதேச செயலகத்தோடு பேசவேண்டும்.

நீலம்: தேங்கும் நிலம். தண்ணீர் மெதுவாக ஏறி, சில நாட்கள் நின்று வடியும். நெல், மேய்ச்சல், தாமரைக் குளம், நன்னீர் மீன் எல்லாம் இருக்கலாம். நிலத்தை உயர்த்துவது மட்டும் கூடாது. ஒருவர் தன் காணியை இரண்டடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் அயலவர் முற்றத்துக்குப் போகும்.

மஞ்சள்: அரிய வெள்ளம் எட்டும் நிலம். வீடு கட்டலாம். அத்திவாரம் உங்கள் ஊரில் குறித்த மிக உயர்ந்த மழைவெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். வைத்தியசாலை, பாடசாலை, நெல் களஞ்சியம், மருந்துக் களஞ்சியம் ஆகியவற்றை இங்கே புதிதாக வைக்கவேண்டாம்.

இதற்கு மேல் கறுப்புப் புள்ளிக் கோட்டால் 1986 வெள்ளத்தின் எல்லையை வரையுங்கள். அது கட்டடக் கட்டுப்பாட்டுக்கான கோடு அல்ல. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வீடும் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கவேண்டும் என்பதற்கானது.

குறிப்பு: நெதர்லாந்தில் நைமேகன் நகரத்தருகே வால் ஆற்றின் கரையணையை 350 மீற்றர் பின்னுக்கு நகர்த்தி, ஆற்றுக்குப் பக்கக் கால்வாய் ஒன்றும் வெட்டினார்கள். வீடுகளும் நகரவேண்டி வந்தது. பேச்சுவார்த்தையும் இழப்பீடும் முதலில், மண்வேலை அதன் பின்னர். நம்மிடம் அந்த அளவு பணம் இல்லை, ஆனால் அந்த வரிசைக்குச் செலவில்லை.

## படி 6: வேலைகளை வரிசைப்படுத்துங்கள்

1. அடைப்பை எடுத்தல். கீழிருந்து மேலாகப் போங்கள். மேலே முதலில் திறந்தால் கீழ்வரம்பு உடையும். ஆற்றுவாழையை அள்ளிக் கரையில் போட்டால் அடுத்த மழை திரும்ப இறக்கிவிடும். வெள்ளக்கோட்டுக்கு மேலே கொண்டுபோய்க் கூட்டெருவாக்குங்கள்.
2. மதகைப் பெரிதாக்குதல். பல இடங்களில் ஆற்றை நெரிப்பது வீதிதான். மூடிய கண்களைத் துப்புரவு செய்வது உங்கள் கையில். புதிய கண் போடுவது வீதிக்குப் பொறுப்பானவர் கையில். பதிவேட்டுப் படத்தோடு கேளுங்கள்.
3. வரம்பைப் பின்வாங்குதல். வயல்காரரோடு எழுத்தில் உடன்பாடு செய்யுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம். ஆறு நெரியும் இடங்களில் போதும்.
4. படித்தட்டு வெட்டுதல். படுகையைத் தோண்டாமல், கோடைகால நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கரையை அகலமான தட்டாக வெட்டுவது இது. கோடையில் ஒடுங்கிய ஓடை ஓடும், மாரியில் தட்டுக்கு மேலே நீர் பரவும். வளைவின் உட்பக்கத்தில் வெட்டுங்கள், வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். கரைச் சாய்வு உயரம் ஒன்றுக்குக் கிடையாகக் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும்.
5. பழைய வளைவையும் வில்லையும் இணைத்தல். வெள்ளத்தில் மட்டும் நீர் ஏறும்படி வாயை உயர்த்தி வையுங்கள்.
6. நடுகை. நீரோரம் நாணலும் கோரையும், சாய்வில் வெட்டிவேர், மேல்விளிம்பில் மருதமரம், உவர் எல்லைக்குக் கீழே கண்டல். அணைக்கட்டிலும் வெள்ளத்தடுப்பு அணையிலும் மரம் நடக்கூடாது. வேர் பட்டுப்போனால் அந்தத் துளை நீருக்கு வழியாகும்.
7. கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும், தூர்வாருதல். பொறியியலாளர் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்துக்கு.

குளத்திலிருந்து ஒரேயடியாக நீர்விட்டுப் படுகையைக் கழுவலாமே என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அமெரிக்காவில் கிளென் கன்யன் அணையில் 1996இல் ஒரு வாரம் அப்படிப் பெருநீர் விட்டுப் பார்த்தார்கள். ஆற்றடியில் மணல் இருப்பு இருந்தால்தான் அது கரைத்திட்டாகும், இல்லாவிட்டால் இருப்பதும் போகும் என்பது அங்கே தொடர்ந்து செய்த சோதனைகளில் தெளிவானது. ஆகவே மணல் அள்ளுவதை நிறுத்தாமல் அந்தக் கோரிக்கையை எழுதவேண்டாம்.

## படி 7: அனுமதி பெறுங்கள்

- பெரிய குளம், அணை, பிரதான வாய்க்கால், வான்கதவு: நீர்ப்பாசனத் திணைக்களம்
- வயல் நிலம், சிறு குளம், வயல் வாய்க்கால்: கமநல அபிவிருத்தித் திணைக்களம் (2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம்)
- அரச காணி, ஆற்றொதுக்கம்: பிரதேச செயலாளர்
- மணல், மண் அகழ்வும் ஏற்றலும்: புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் (1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம்)
- முகத்துவாரம், குடாக்கரை: கரையோரம் பேணல் திணைக்களம்
- காட்டு மரம், கண்டல்: வன பரிபாலனத் திணைக்களம்
- பழைய கல், தூண், கல்வெட்டு தென்பட்டால்: வேலையை அங்கேயே நிறுத்தித் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவித்தல். கந்தளாய் மிகப் பழைய குளம். குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்லும் ஊர் இது.

குறிப்பு: எந்த அலுவலகத்திலும் வாய்மொழிச் சம்மதத்தோடு திரும்பாதீர்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

## படி 8: ஆண்டு அட்டவணை

| மாதம் | வேலை |
|---|---|
| ஜனவரி, பெப்ரவரி | வெள்ளத் தடம் அழியுமுன் உயரம் குறித்தல் |
| மார்ச், ஏப்ரல் | நடந்து பார்த்தல், அளத்தல். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் நீர் விடும் திகதிகளைக் கேட்டெடுத்தல் |
| மே | படம் வரைதல், மூன்று பிரிவிலும் கூட்டம், அனுமதிக்கான மனு |
| ஜூன் – ஓகஸ்ட் | அடைப்பு எடுத்தல், மதகு, படித்தட்டு |
| செப்டெம்பர் | மண்வேலை முழுதும் முடிவு. புல் பதித்தல் |
| ஒக்டோபர் | முதல் மழையோடு மரநடுகை |
| நவம்பர், டிசம்பர் | எந்த மண்வேலையும் இல்லை. காவலும் பதிவும் மட்டும் |

செப்டெம்பர் முடிவுக்குள் முடியாத மண்வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். பாதி வெட்டிய கரையில் மாரி இறங்கினால் தொடாத கரையைவிட மோசமாகும்.

## எச்சரிக்கைத் திட்டம்: இரவு 3 மணிக்கு இயங்கவேண்டும்

1. பயண நேரம் காணுங்கள். அடுத்தமுறை வான்கதவு திறக்கும்போது ஒவ்வொரு பாலத்திலும் ஒருவர் நின்று தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தைக் குறிக்கட்டும். பல அளவு நீருக்கும் குறித்துவைத்தால், கதவு திறந்து எத்தனை மணித்தியாலத்தில் எந்த ஊருக்கு வரும் என்ற அட்டவணை கிடைக்கும். அணை உடைந்த வெள்ளம் இதைவிட மிக வேகமாக வரும் என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள்.
2. தொலைபேசிச் சங்கிலி. ஒருவர் ஐவருக்குச் சொல்லவேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றாள் இருக்கவேண்டும். மின்சாரமும் சிக்னலும் போனால் கோயில் மணியும் பள்ளிவாசல், விகாரை ஒலிபெருக்கியும். ஒலிபெருக்கிக்குப் பற்றறி இருக்கிறதா என்று பாருங்கள்.
3. ஒரே சைகை. மூன்று பிரிவுக்கும் ஒரே மணி ஓசை. ஊருக்கு ஊர் மாறினால் குழப்பம்.
4. மேட்டு வழி. சிவப்புப் பகுதியையும் ஆற்றுப் பாலத்தையும் கடக்காத பாதையைத் தெரிந்து அம்புக்குறி போடுங்கள்.
5. உதவி வேண்டுவோர் பட்டியல். முதியவர், கர்ப்பிணி, நடக்க இயலாதவர் வீடுகளுக்குப் பெயர் குறித்து ஆள் ஒதுக்குங்கள்.
6. ஒத்திகை இரண்டு. ஒன்று ஒக்டோபரில் பகலில். மற்றது ஏப்ரலில், இருட்டிய பிறகு.
7. அணையில் கவனிக்கவேண்டியவை. கலங்கிய நீர்க்கசிவு, புதிய வெடிப்பு, சரிவு, அணையடியில் திடீரென ஈரமான நிலம், சுழி. கசிவு தெளிவாக இருந்தாலும் கூடிக்கொண்டே போனால் அறிவியுங்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் ஒரே நேரத்தில் சொல்லவேண்டும். “நாளை பார்ப்போம்” என்ற பதிலோடு அன்றிரவு தூங்கப் போகாதீர்கள்.

## அடிக்கடி நடக்கும் பிழைகள்

பெக்கோவை முதலில் கூப்பிடுதல். பணம் வந்தவுடன் தெரியும் வேலை இதுதான். ஆனால் தோண்டிய படுகையின் கரை அடுத்த மாரியில் சரிந்து விழும், தோண்டிய பள்ளமும் நிறையும். படி 1 முதல் 5 வரை முடியாமல் இயந்திரம் இறங்கக்கூடாது.

வளைவை நேராக்குதல். நேரான வாய்க்கால் தண்ணீரை விரைவாகக் கீழூருக்குத் தள்ளும். புளோரிடாவில் கிசிமி ஆற்றை 1962க்கும் 1971க்கும் இடையில் நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். சதுப்பும் பறவையும் போயின. பிறகு அதன் ஒரு பகுதியை மண்போட்டு மூடிப் பழைய வளைவுக்குத் திருப்பும் வேலை 2021 வரை நடந்தது.

முகத்துவாரத்தை ஆழமாக்குதல். திருகோணமலையில் கடலின் ஏற்ற இறக்கம் சிறியது, ஆகவே முகம் ஆழமானாலும் வெள்ளம் பெரிதாக விரைவாக வடியாது. கோடையிலோ உவர்நீர் மேலே ஏறித் தம்பலகாமத்துத் தாழ்வயலைக் கெடுக்கும்.

பாலத்தடியில் மணல் அள்ளுதல். 2018 ஓகஸ்ட்டில் தமிழ்நாட்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. அதே மாதம் திருச்சியில் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அணைக்குக் கீழே படுகை தாழ்ந்தால் கட்டுமானத்தின் அடிக்கால் வெளியே வரும். பாலத்தருகே படுகை மட்டத்தை ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அளந்து பதியுங்கள்.

ஒரு கரையை மட்டும் உயர்த்துதல். தண்ணீர் மறுகரைக்குப் போகும், அதோடு வழக்கும் வரும்.

கரையைச் சீமெந்தால் மூடுதல். பாலத்தடி, மதகு வாய் போன்ற இடங்களில் கல்லுக்கட்டு தேவை. மற்ற இடத்தில் அது முடியும் புள்ளியில் அரிப்புத் தொடங்கும்.

## பராமரிப்பும் இறுதிச் சரிபார்ப்பும்

முதல் இரண்டு மாரிக்குப் பிறகு அதே இடங்களில், அதே கோணத்தில் படம் எடுத்து முன்னையதோடு ஒப்பிடுங்கள். நட்ட மரங்களில் பட்டுப்போனவற்றை ஒக்டோபரில் மாற்றுங்கள். மாடு ஏறும் இடத்தில் வேலி அடைத்து, நீர் குடிக்க ஒரு துறை விடுங்கள். ஒவ்வொரு போகக் கூட்டத்திலும் ஆற்றுக்கென்று பத்து நிமிடம் கேளுங்கள்.

மனுவைக் கையளிக்குமுன் இவற்றுக்கு “ஆம்” என்று சொல்ல முடிகிறதா?

1. மூன்று பிரிவின் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டார்களா?
2. குறைந்தது மூன்று வெள்ளங்களின் உயரம் படத்தில் உண்டா?
3. மிகக் குறுகிய இடத்தின் கொள்ளளவு கணக்கிடப்பட்டதா?
4. அதிகூடிய நீர்விடுகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டிருக்கிறீர்களா?
5. மேலதிக நீர் எந்த நிலத்தில் பரவும் என்பதும், அந்த நிலக்காரரின் சம்மதமும் பதிவாகியுள்ளதா?
6. வேலைகள் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளனவா?
7. உவர்நீர் எல்லை குறிக்கப்பட்டதா?
8. இரவு ஒத்திகை ஒன்றாவது நடந்ததா?

ஐந்தாவது கேள்விக்கு “இல்லை” என்றால் மனுவைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். மற்ற ஏழும் அளவும் தாளும் சம்பந்தப்பட்டவை, ஓரிரு வாரத்தில் நிரப்பலாம். ஐந்தாவது அயலவரோடு உட்கார்ந்து பேசித்தான் கிடைக்கும். அது இல்லாத திட்டம் அலுவலகத்தில் நிறைவேறினாலும் வயலில் நிற்காது.